மூடி திறக்காத ஓமத் தண்ணீர்

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன், மதினியோடு மேட்னி ஷோ போயிருந்தேன். கொலைப் படம். பாட்டும் கிடையாது, காமெடியும் கிடையாது, படம் முழுக்க இருட்டும் மழையும்தான். எங்கள் பக்கத்துக் கதையை இப்படிப் பூசி மெழுகாமல் எடுக்க நெஞ்சுரம் வேண்டும். எனக்குப் பிடித்திருந்தது. அந்தத் தியேட்டரில் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அடிக்க வந்திருப்பார்கள்.

புதிதாக மாற்றலாகி வரும் இன்ஸ்பெக்டர் பழைய ஃபைல்களைப் புரட்டுகிறார். செத்துப்போன பெண்கள் எல்லோருக்கும் ஒரே காரணம்: 'தீராத வயிற்றுவலி'. பேப்பர் படிக்கிற யாருக்கும் இந்த வார்த்தை பழக்கம்தான். கட்டிக்கொடுத்த பெண் தன்னை மாய்த்துக்கொண்டால் அவளுக்கு வயிற்றுவலி இருந்திருக்கும், அவ்வளவுதான். அதற்குமேல் யாரும் துருவ மாட்டார்கள். இவர் துருவுகிறார். ஒரு வீட்டு ஜன்னலில் இருக்கிற ஓமத் தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பார்க்கிறார். சீல்கூட உடைக்கவில்லை.

"தீராத வலின்னீங்களே, எந்த டாக்டர்ட்ட காட்டுனீங்க?"

அந்த வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பின்னணி இசைகூட இல்லாமல் அந்த மௌனத்தை அப்படியே விட்டிருந்தார்கள். தியேட்டர் விட்டதா? "வயித்து வலிக்கு இம்புட்டு விசாரணையா மாப்ள," என்று பின்சீட்டில் ஒருவன் சொல்ல, வரிசையே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பி முறைத்தேன். மதினி என் தொடையைக் கிள்ளினார்.

கே.கே. நகர் வரும்வரை அண்ணன் காரில் பொரிந்து தள்ளினார். "நம்ம ஆளுகள எம்புட்டுக் கேவலமாக் காட்டிருக்கான். இவன் மேல கேஸ் போடணும்."

யார் மேல் யார் கேஸ் போடுவது? எங்கள் அக்காவை உசிலம்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு அவளுக்கு. புருஷன் அடிக்கிறான் என்று மூன்று தடவை வந்து நின்றாள். மூன்று தடவையும் 'அனுசரிச்சுப் போ' என்று பஸ் ஏற்றிவிட்டோம். நாலாவது தடவை வந்தவள் திரும்பிப் போகவில்லை. எங்கள் வீட்டிலேயே உயிரை விட்டாள். ஊர் வாய்க்குப் பயந்து நாங்களும் வயிற்றுவலி என்றோம்.

"அண்ணே, அக்காவ எந்த டாக்டர்ட்ட காட்டுனோம்?" என்றேன்.

அண்ணன் ரோட்டைப் பார்த்தபடியே, "ஓமத் தண்ணி வாங்கியாந்து அவ தலமாட்டுல வச்சது யாரு?" என்றார்.

நான்தான். அண்ணன் போகச் சொன்னார், பதினாறு வயதில் கடைக்கு ஓடினேன். மூடியைத் திறந்து ரெண்டு மடக்கைக் கீழே கொட்டிவிட்டு வைக்க வேண்டும் என்றுகூட அன்று எனக்குத் தோன்றவில்லை. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த போலீஸ்காரர் அந்தப் பாட்டிலைத் தொடவே இல்லை. "வயித்து வலியா?" என்று அவரே கேட்டு, அவரே எழுதிக்கொண்டார்.