எண்ணெய்க்கும் மழைக்கும் நடந்த பந்தயம்

போன வாரம் ஒரு மதியம், நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, கையில் விளக்குமாறோடு நடுத்தெருவில் ஓடினேன். ஏன் என்று கேட்கிறீர்கள்தானே?

பேகம்பூரில் எங்கள் தெருமுனையில் மும்தாஜ் அக்காவின் பிரியாணிக் கடை. அங்கே சரக்கு இறக்க வந்த லோடு ஆட்டோ வேகத்தடையில் ஒரு துள்ளு துள்ளியது. பின்னாலிருந்த டின்கள் விழுந்து பிளந்தன. அத்தனையும் கடலை எண்ணெய்! ரோடு பளபளவென்று மின்ன, எண்ணெய் சாவகாசமாக மழைநீர் வடிகாலைப் பார்த்து நடக்கத் தொடங்கியது.

மலைக்கோட்டைப் பக்கமோ வானம் கன்னங்கரேல்...

அந்த வடிகால் முடிகிற இடம் எங்கள் குளம். தெருவே சேர்ந்து அலையாய் அலைந்து, இந்தக் கோடையில்தான் தூர்வார வைத்தோம். முதல் மழைக்காகக் காய்ந்து காத்துக் கிடந்தது. சாக்கடைத் தண்ணீரையாவது எங்கேயோ கொண்டுபோய்ச் சுத்தம் செய்வார்கள். மழைத்தண்ணீரை யார் செய்வார்? தெருவில் கிடப்பதை அள்ளிக்கொண்டு நேராகக் குளத்துக்குப் போய்விடும்.

டிரைவர் பாண்டி பதறிப்போய், ரோட்டைக் கழுவிவிடுகிறேன் என்று வாளித் தண்ணீரைத் தூக்கினார். யாருக்குமே முதலில் அதுதானே தோன்றும்?

"ஊத்தாதீங்கண்ணே. அம்புட்டும் குளத்துக்குப் போயிரும்" என்றேன்.

அவர் வாளியை இறக்கி வைத்தார். பிறகு முகம் மலர்ந்தது. "மரக்கடையில தூள் கெடக்கும். செத்த நேரம் பொறுங்க, வாரேன்" என்று ஆட்டோவை முடுக்கினார்.

அவர் வருவதற்குள் மும்தாஜ் அக்கா அடுப்பை அணைத்தார். கூட்டம் அலைமோதுகிற மதிய நேரத்தில்! கடையிலிருந்த காலி அரிசிச் சாக்குகளையெல்லாம் சுருட்டி வடிகால் வாயில் அடைத்தார். பிரியாணிக்கு வரிசையில் நின்றவர்கள் பார்சலை மறந்து, பக்கத்தில் கட்டுமான வேலைக்குக் குவித்திருந்த மணலை அள்ளி அணை கட்டினார்கள். எண்ணெய் சாக்கைத் தொட்டு நின்றது.

மரத்தூள் மூட்டைகள் வந்து இறங்கின. கொட்டினோம், பரப்பினோம், காலால் மிதித்துத் தேய்த்தோம். தூள் எண்ணெயைக் குடிக்கக் குடிக்க, கூட்டி அள்ளி மூட்டை கட்டினோம். நான் வழுக்கி ஒருமுறை உட்கார்ந்தே கொஞ்ச தூரம் பயணம் செய்தேன். மும்தாஜ் அக்கா தூக்கிவிட வந்து, அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் எழுந்திருக்க முடியவில்லை, அப்படியொரு சிரிப்பு.

மூட்டைகளைக் குப்பை வண்டியில் தனியாக ஏற்றிவிட்டோம். மிச்சப் பிசுக்குக்கென்று மறுபடி தூவிய தூளையும் அணை மணலையும் கூட்டி அள்ளி ஏற்றி முடித்த நேரம், சடசடவென்று பிடித்தது பாருங்கள் ஒரு மழை!

யாராவது வீட்டுக்குள் போயிருக்க வேண்டுமே? ம்ஹூம். சாக்குகளை உருவிவிட்டு, வடிகாலில் ஓடும் தண்ணீருக்குப் போட்டியாகக் குளத்துக்கே ஓடினோம். குழாய் வாயிலிருந்து செம்மண் நிறத்தில் தண்ணீர் குதித்து விழுந்தது. உற்று உற்றுப் பார்த்தோம். மேலே எண்ணெய்ப் படலம் இல்லை. பாண்டி விசிலடித்தார்.

அந்த வழியாக பைக்கில் போன ஒருவர், தொப்பலாக நனைந்து நிற்கும் எங்களைப் பார்த்துவிட்டு, இங்கே என்ன விசேஷம் என்று கேட்டார்.

"எங்க குளத்துக்குத் தண்ணி வந்திருக்குப்பா" என்றார் மும்தாஜ் அக்கா.

அவரும் பைக்கை ஸ்டாண்ட் போட்டார்!