வவ்வாலக்காவின் நீல ஷீட்

வவ்வால் மூத்திரம் பிடிக்கப் போகிறவளுக்கு, காலையில் ஒரு வாய் காபியை நிம்மதியாகக் குடிக்கக் கொடுத்துவைக்காது. வெளுப்பதற்கு முன்பே வவ்வால்கள் மரத்துக்குத் திரும்பிவிடும். திரும்பியதும் முதல் வேலையாகப் பெய்யும். அதற்குள் மரத்தடியில் பிளாஸ்டிக் ஷீட்டை விரித்துவிட வேண்டும். விழுந்த துளிகளை வெயில் உறிஞ்சுவதற்கு முன்னால் இவள் இடுப்புப் பையிலிருக்கும் உறிஞ்சு குழாயால் உறிஞ்சியெடுத்து, சின்னச் சின்னக் குழாய்களில் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, பஸ் பிடித்து ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும். மனுஷரைத் தொற்றக்கூடிய வைரஸ் அதில் ஏதாவது இருக்கிறதா என்று அங்கே பார்ப்பார்கள். வருஷக்கணக்காக இதுதான் பிழைப்பு. தெருவில் எல்லாருக்கும் அவள் வவ்வாலக்கா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாளா என்பதே சந்தேகம்.

வவ்வால் மேல் அவளுக்குப் பாசமும் கிடையாது, பச்சாதாபமும் கிடையாது. வேடிக்கை பார்க்க வரும் கல்லூரிப் பெண்கள் என்ன அழகு, என்ன அழகு என்று உருகும்போது, தலையில் பெய்யட்டும் தெரியும் என்று நினைத்துக்கொள்வாள். ஆனால் வேலையென்று வந்துவிட்டால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்வாள். கையுறை மாற்றாமல் குழாயைத் தொட்டவன் எவனாக இருந்தாலும் சரி, அன்றைக்கு அவனுக்கு அர்ச்சனைதான்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவள் பாச்சா பலிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் புது ஷீட் விரிக்க வேண்டும் என்பது விதி. புது ஷீட்டுக்கு எங்கே போவது? கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். ஆய்வுக்கூடத்தின் தலைவரான பெரிய டாக்டர், இருப்பதைக் கழுவிக் காயவைத்து ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். எங்கே காயவைப்பதாம்? ஆய்வுக்கூடத்து மொட்டைமாடி எப்போதும் பூட்டு. சாவி காவலாளியிடம். காவலாளி எங்கே என்று கடவுளுக்கே தெரியாது. கடைசியில் பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவி, வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் மாடியில் காயப்போடுவாள். இது பெரிய டாக்டருக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

அப்படியிருக்கும்போதுதான், பஸ் நிலையத்து மரத்தடியில் எடுத்த மூத்திர மாதிரியில் ஒரு வைரஸ் அகப்பட்டது. மரபணுவைப் படித்துப் பார்த்தால், குழந்தைகளுக்கு ஊற்றும் போலியோ சொட்டு மருந்தில் இருக்குமே, வலுவிழந்த வைரஸ், சாட்சாத் அதுவேதான். வவ்வாலுக்கு யார் போய்ச் சொட்டு மருந்து ஊற்றினார்கள்? எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது, இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துவிடலாம் என்று வவ்வாலக்கா மன்றாடினாள். பெரிய டாக்டர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வவ்வால் சாக்கடைத் தண்ணீரைக் குடித்து, நம்முடைய வைரஸை வாங்கி, நமக்கே திருப்பித் தருகிறது என்று அவராகவே ஒரு கதை கட்டினார். உலகத்தில் ஒருத்தனும் கண்டுபிடிக்காத கதையாம். பூரித்துப்போய் நகராட்சிக்கும் சொல்லிவிட்டார். நகராட்சி நடுநடுங்கி, திங்கட்கிழமை மரத்தை வெட்டுவது என்று முடிவு செய்தது.

வவ்வாலக்கா தலையில் அடித்துக்கொண்டாள். மரம் விழுந்தால் அத்தனை வவ்வாலும் ஊரெல்லாம் சிதறிப்போய், கூரையிலும் பள்ளிக்கூடத்திலும் ஒண்டும். மிரண்டு கிடக்கிற வவ்வாலிடமிருந்துதான் நிஜமான கிருமி அதிகமாக வெளியே வரும். இதற்கா இத்தனை வருஷம் மூத்திரம் பொறுக்கினாள்? அதோடு அவள் வேலையும் போகும். அவளுடைய ஒப்பந்தமே அந்த ஒரு மரத்தை நம்பித்தான்.

வீட்டுக்கு வந்தால் தம்பியின் கைக்குழந்தை வீட்டை ரெண்டாக்கிக்கொண்டிருந்தது. தம்பி பெண்டாட்டி தோளில் போட்டுத் தட்டித் தட்டிக் களைத்துப்போய், அக்காவைப் பார்த்ததும் கேட்டாள்.

"அக்கா, அந்த நீல ஷீட் இன்னைக்கு மாடியில இல்லையா? அதுல போட்டாத்தான் இவன் அழாம கிடக்கான். அந்தச் சரசரச் சத்தம் அவனுக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு."

வவ்வாலக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றாள்.

"எப்போ போட்டே?"

"ரெண்டு வாரம் முன்னாடி. புண்ணாயிருக்கேன்னு டயபரைக் கழட்டிக் காத்தாட விட்டேன். கொஞ்சம் ஆய் போயிட்டான். ஈரத் துணியால நல்லாத் துடைச்சு, நீங்க வைக்கிற மாதிரியே சுருட்டி வச்சுட்டேன். ஏன்க்கா?"

குழந்தைக்குச் சொட்டு மருந்து ஊற்றியதும் அதே வாரம்தான். ஊற்றிய பிறகு சில வாரங்களுக்கு அந்த வைரஸ் மலத்தில் வந்துகொண்டிருக்கும். ஊருக்கெல்லாம் கையுறை மாற்றச் சொல்லிக் கத்தியவள், காய்ந்த ஷீட்டைத் திரும்பக் கழுவாமல் கொண்டுபோய் விரித்துவிட்டாள். யாரைத் திட்டுவது? தம்பி பெண்டாட்டியையா, பூட்டிய மாடியையா, பெரிய டாக்டரையா? திட்டத் திட்ட எல்லாம் சுற்றிச் சுற்றித் தன்னிடமே வந்து நின்றது. சொன்னால் விதியை மீறினாள் என்று வேலை போகும். சொல்லாவிட்டால் மரம் போகும். எப்படிப் பார்த்தாலும் அவள் தெருவில்தான். ஆனால் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஊரும் சேர்ந்து அல்லாடும்.

மறுநாள் குழந்தையின் டயபரை ஐஸ் பெட்டிக்குள் வைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். நேராகப் பெரிய டாக்டரின் மேஜை மேலேயே பெட்டியை வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். அவர் முகம் சுண்டிவிட்டது. ஷீட்டை வீட்டுக்குக் கொண்டுபோக யார் அனுமதித்தது என்று, என்னவோ அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேள்விப்பட்டவர் மாதிரி கேட்டார்.

"நீங்கதான் சார். எழுதித் தரல, அவ்வளவுதான். இதைச் சோதிச்சுப் பாருங்க. ரெண்டு வைரஸும் ஒண்ணா இருந்தா மரத்தை விட்டுடுங்க, என்னை என்ன வேணா பண்ணிக்கோங்க."

சொட்டு மருந்து வைரஸ் ஒவ்வொரு குழந்தையின் வயிற்றிலும் ஒவ்வொரு விதமாக லேசாக மாறும். டயபரில் இருந்த மாற்றமும் மரத்தடி மாதிரியில் இருந்த மாற்றமும் அச்சு அசல் ஒன்றாகவே இருந்தன. அதற்கு மேல் பெரிய டாக்டர் எந்தச் சப்பைக்கட்டும் கட்ட முடியவில்லை. திங்கட்கிழமை ரம்பத்தோடு வந்தவர்கள், மரத்தடியில் டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். வவ்வாலக்காவின் ஒப்பந்தமும் அன்றே முடிந்தது. அவள் இடத்துக்கு வேறு ஒருத்தி வரப்போகிறாளாம். அவளுக்குக் கட்டுக்கட்டாகப் புது ஷீட் வாங்கி வைத்திருக்கிறார்களாம். இதைக் கேட்டதும் வவ்வாலக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் எங்கே போயிருந்ததாம் அந்தப் புது ஷீட்?

பழைய ஷீட்டைக் குப்பையில் போடச் சொல்லிவிட்டார்கள். அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தம்பி பெண்டாட்டி அழுது அழுது வீங்கிய கண்ணோடு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அப்போ இது இனிமே குழந்தைக்குத்தானாக்கா?"

வவ்வாலக்கா பல்லைக் கடித்துக்கொண்டு போய், பிளீச்சிங் போட்டு ரெண்டு தடவை கழுவி, வெயிலில் காயவைத்து, சாயங்காலம் மாடியில் அவளே விரித்தாள். குழந்தையைப் போட்டதும் சரசரவென்று காலை உதைத்துக்கொண்டு சிரித்தது.

இருட்டத் தொடங்கியது. பஸ் நிலையத்துப் பக்கமிருந்து வவ்வால்கள் கூட்டம் கூட்டமாக வந்து வீட்டுக்கு மேலே போயின. அவள் சட்டென்று குழந்தையை வாரியெடுத்தாள். எடுத்த கையோடு ஷீட்டில் ஒரு துளி சொத்தென்று விழுந்தது. நல்ல பெரிய துளி. அவளுடைய இன்னொரு கை, உறிஞ்சு குழாய் வைத்திருக்கும் இடுப்புப் பைக்குத் தானாகவே போனது. அங்கே பை இல்லை.

"சனியன்களா, இப்பவா பெய்யணும்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.