சாவு விழாத வீட்டில்

ஊர் ஊராகச் சுற்றிவிட்டுச் சோழவந்தானுக்குத் திரும்பியபோது என் அத்தை தங்கப்பொண்ணு நிமிராமலேயே "வாடி" என்றாள். கண் போனில் இருந்தது.

அத்தை ஒப்பாரி பாடுகிறவள். வைகைக்கரை ஊர்களில் யாராவது இறந்தால் அவளுக்கு ஆள் அனுப்புவார்கள். தெருவில் நின்று பாடுவாள். வீடே உடைந்து அழும். பிறகு அவள் சாப்பிட்டாளா என்றுகூட யாரும் கேட்க மாட்டார்கள். திருப்பூரிலிருந்து மகள் வாங்கி அனுப்பிய போனில் ஒருமுறை வெற்றிலைக் கொடிக்கால் ஓரம் நின்று பாடி வீடியோ போட்டாள். முகம் தெரியாதவர்களெல்லாம் 'அம்மா' என்று எழுதினார்கள்.

ஒருநாள் இதயங்கள் கொட்டும். மறுநாள் அதே பாட்டை யாரும் சீண்ட மாட்டார்கள். காரணம் தெரியாததால் அவளால் போனைக் கீழே வைக்க முடியவில்லை. சோறு தீய்ந்தது. பார்க்கிறவர்கள் தங்கள் வீட்டில் செத்தவர்களின் பெயரைச் சொல்லி அழச் சொன்னார்கள்; அழுதாள். அதுவும் சலித்து ஆட்கள் குறைந்தபோது ஒருவன் எழுதினான்: உங்க வீட்டுக்காரருக்குப் பாடுங்கம்மா.

சாவு விழாத வீட்டில் ஒப்பாரி எடுக்கக் கூடாது. எடுத்தால் சாவைக் கூப்பிட்டதாகிவிடும் என்பார்கள். பாடிப் பழகக்கூட அத்தை ஆற்று மணலுக்குத்தான் போவாள். மாமா ஆண்டிச்சாமிக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகி, தையல்கூட இன்னும் ஆறவில்லை.

"வீட்டுக்குள்ள மட்டும் வேணாம் தங்கம்," என்று அவர் கெஞ்சியதை நானே கேட்டேன்.

"உங்களுக்கா பாடுறேன்? போனுக்குத்தான மாமா."

மறுநாள் மத்தியானம் கடைக்குப் போய்த் திரும்பியபோது வாசலிலேயே குரல் கேட்டது.

"மாத்திரை வாங்கி வச்சேன், மகராசன் எந்திரிக்கல…"

மாமா பாயில் கிடந்தார். தலைமாட்டில் ஒற்றை விளக்கு. கால் பெருவிரல்களைச் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தாள். குடத்தில் சாய்த்து வைத்த போனில் கும்பிடும் கைகளும் பூக்களும் ஏறிக்கொண்டே இருந்தன. அத்தை மாரில் அடித்துக்கொண்டாள். பார்வை மட்டும் திரையின் மூலையில் ஓடிய எண்ணை விட்டு நகரவில்லை.

துணியை அவிழ்க்கக் குனிந்தேன். மாமா விழித்துக்கொண்டுதான் இருந்தார். உதடு அசையாமல் கேட்டார்.

"எம்புட்டுப் பேரு பாக்குறாக?"

"ஆயிரத்துக்கு மேல, மாமா."

"அவுக்காத தாயி," என்று கண்ணை மூடிக்கொண்டார்.