மூச்சு கேட்காத பெட்டி

சீலிங் ஃபேனை நிறுத்துவாள். கடைக் கதவை ஒருக்களித்துச் சாத்துவாள். முக்காட்டை முழங்கைவரை சுருட்டிக்கொண்டு, ஒற்றைக் கங்கு கிடக்கும் சின்ன மண்கலத்தில் ஒரு சிட்டிகை வாசனைத்தூளைத் தூவி, புதிதாகக் கட்டி முடித்த கம்ப்யூட்டரின் முகத்துக்கு முன்னால் நீட்டுவாள். புகை நூல் பிடித்ததுபோல உள்ளே போக வேண்டும். பின்பக்கத்து மேல் மூலையில் வெளியே வர வேண்டும். நடுவே எந்த இடுக்கிலாவது தயங்கிச் சுழன்றால் போச்சு, யகானாவின் முகம் சுருங்கிவிடும். அத்தனை திருகையும் கழற்றி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

கானோ நகரத்தின் ஃபார்ம் சென்டர் சந்தையில் கம்ப்யூட்டர் விற்கிறவர்கள் நூறு பேராவது இருப்பார்கள். ஓடுவதே காதுக்குத் தெரியாமல் ஓடுகிற கம்ப்யூட்டரைக் கட்டுகிறவள் இவள் ஒருத்திதான். காற்று எந்த வழியாகப் போகிறது என்று பார்க்கத்தான் அந்தப் புகை. வேறு ஒரு மண்ணும் இல்லை. ஆனால் அவளைப் போல மைதுகுரி ஊரிலிருந்து வந்த பெண் புகை போட்டால் அதில் ஏதோ இருக்கும் என்று கானோக்காரர்களுக்கு ஒரு நினைப்பு. பெட்டிக்கு எதுக்கு வாசனைப் புகை என்று யாராவது கேட்டால் யகானா உண்மையைச் சொல்வதில்லை. "எங்க ஊருப் பக்குவம்ங்க. புகை வாங்கின மெஷின் பொறுமையா இருக்கும்" என்று சொல்லிவிட்டு முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்வாள். இந்தச் சின்னப் பெருமை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

பக்கத்துக் கடையில் ஃபோன் ரிப்பேர் பார்க்கும் ஹம்மாது ஃபுலானி இனத்தவன். இவள் கானூரி. இந்த இரண்டு கூட்டத்துக்கும் முறைக்கேலி உண்டு. அவன் இவளைத் தன் அடிமை என்பான். இவள் அவனைத் தன் பண்ணையாள் என்பாள். யாருக்குக் கோபம் வருகிறதோ அவர் தோற்றார். யகானா கதவைச் சாத்திவிட்டுப் பெட்டியில் காதை வைக்கிற நேரம் பார்த்துத்தான் ஹம்மாதுவுக்குத் தும்மல் வரும்.

"யாருடா அது, மூக்குல ஈ பூந்த மாடு மாதிரி?"

"உன் எஜமான்தான் தும்மினேன். வந்து தண்ணி குடு."

"உன்னை எங்க தாத்தா ஒரு மூட்டை உப்புக்கு வாங்கினாரு. அதுவும் பாதி மூட்டை கல்லு. ரசீது வேணுமா?"

யகானாவுக்கு முப்பத்தெட்டு வயது. விரல் நுனிகளில் மருதாணி கறுத்திருக்கும்; அதற்குக் குறுக்கே அலுமினியத் தகடு கிழித்த கோடுகள் ஓடும். சத்தம் என்றால் அவளுக்கு ஆகாது. கல்யாண வீட்டு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தால் சாப்பிடாமலே எழுந்து வந்துவிடுவாள். ஆட்டோவில் ஏறினால், "தம்பி, முன்சக்கரத்து பேரிங் இன்னும் ஒரு வாரம்தான் தாங்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவாள். சொன்னால் அப்படியே நடக்கும். அதனால் ஓட்டுநர்கள் அவளைக் கண்டால் கொஞ்சம் வேகமாகப் போய்விடுகிறார்கள்.

பெரிய விசிறியை மெதுவாகச் சுற்றவிடு என்பது அவள் வேதம். சின்ன விசிறிகளை ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள். "அது குடுக்கிற காத்தைவிடக் கத்துற கத்தல் ஜாஸ்தி." முன்னால் மூன்று விசிறிகள் காற்றை உள்ளே இழுக்கும், பின்னால் ஒன்றே ஒன்று வெளியே தள்ளும். உள்ளே காற்று மிஞ்சி நின்றால் இடுக்குகள் வழியாகத் தூசி நுழையாது என்பது கணக்கு. பாலைவனத்துக் காற்று அடிக்கிற மாதங்களில் கானோவில் சோற்றில்கூட மண் நறநறக்கும். அதனால் முன்முகத்துக்கு வலையை அவளே தைக்கிறாள், தன் பழைய முக்காட்டுத் துணியில், ஓரம் மடித்து, மூலைகளில் காந்தம் வைத்து. விசிறிக்கும் தகரத்துக்கும் நடுவே, அதிர்வு தாவாமல் இருக்க, பைக் டியூப்பில் வெட்டிய ரப்பர். பிராசஸரின் தலையில் பசை வைக்கும்போது மட்டும் யாரோடும் பேசமாட்டாள். வைத்து முடித்தபின் யாரிடமாவது காட்டியாக வேண்டும். "காராமணி அளவு. அதுக்கு மேல போனா அது பசை இல்ல, கஞ்சி."

மின்சாரத்தைக் கொஞ்சம் குறைத்து ஊட்டுவதுதான் அவளுடைய உச்சமான வித்தை. கம்பெனிக்காரன் சொன்ன அளவிலிருந்து பொட்டுப் பொட்டாகக் குறைத்து, ஒவ்வொரு குறைப்புக்கும் நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்ப்பாள். "வயிறு முட்டத் தின்னவன்தான் புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடுவான். அளவாப் போடுங்க. வேகம் நூத்துல ரெண்டு குறையும், சூடு கால்வாசி ஓடிப்போயிடும்" என்று சொல்லும்போது அவள் குரல் உயர்ந்துவிடும், கை இரண்டும் ஆடும். கேட்கிறவனுக்கும் வீட்டுக்குப் போய்த் தன் கம்ப்யூட்டரைத் திறந்துபார்க்கத் தோன்றிவிடும்.

இந்த ஏப்ரலில் அவளைத் தேடி வந்தவர் கர்ஸாலி; மரியாதையாக மாலம் என்று கூப்பிடுவார்கள். இந்தியப் படங்களுக்கு ஹௌசா மொழியில் குரல் கொடுக்கும் கூடம் ஒன்றை நடத்துகிறவர். இயக்குநர் அவர்தான், ஒலிப்பதிவு அவர்தான், வில்லன் குரலும் அவர்தான். கூடம் என்பது பஞ்சு மெத்தை அடித்த ஒரே ஓர் அறை. மைக்கும் அங்கேதான், கம்ப்யூட்டரும் அங்கேதான். பதிவு நடக்கும்போது ஏசியை அணைத்தாக வேண்டும். அணைத்த ஐந்தாம் நிமிடம் அறை அடுப்பாகும், பத்தாம் நிமிடம் பழைய கம்ப்யூட்டர் மாவு மில் ஆகும். ஆறு வருஷமாக இப்படி நிறுத்தி நிறுத்தித்தான் அங்கே காதலும் கொலையும் நடந்துகொண்டிருந்தன. இப்போது புதுக் கட்டடம் எழும்புகிறது. எட்டு கம்ப்யூட்டர் வேண்டும். லாகோஸில் ரெடியாகக் கிடைக்கிறது என்று டிக்கெட்டே போட்டுவிட்டார்.

"மாலம், நான் ஒண்ணு கட்டித் தரேன். மைக்குக்கு அது கேட்டுச்சுன்னா நீங்க லாகோஸ் போங்க. கேக்கலைன்னா எட்டும் நான்தான் கட்டுவேன்."

"ஏசி இல்லாம?"

"ஏசி இல்லாம."

"படம் ஓடிட்டே இருக்கும் பாத்துக்கோ. நாப்பது சத்தத்தை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குவேன். மெஷினுக்கு மூச்சு வாங்கும்."

"வாங்கட்டும். உங்களுக்குக் கேக்காது."

சொல்லிவிட்டாள். சந்தை முழுக்கத் தெரிந்துவிட்டது. தோற்றால் ஹம்மாது சாகும்வரை சொல்லிச் சிரிப்பான், அது கிடக்கட்டும். லாகோஸ் பெட்டிகள் எட்டும் வந்து இறங்கிவிட்டால், கானோ வெயிலில் கத்தாத கம்ப்யூட்டர் கிடையாது என்பது ஊரில் நிலைத்துவிடும். பத்து வருஷமாக அது உண்டு என்று சொல்லிக்கொண்டிருப்பவள் அவள். நான்கு நாள் சரியாகத் தூங்கவில்லை. ஆனால் சோர்வு ஒன்றும் இல்லை. கட்டக் கட்ட உற்சாகம் பொங்கியது. கடைசி நாள் புகை பார்த்தபோது அது ஒரே இழையாக உள்ளே போய் ஒரே இழையாக வெளியே வந்தது. தெருவில் போன ஒரு பழக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

பதிவு வியாழக்கிழமை. மறுநாள் காலை கர்ஸாலிக்கு விமானம். படத்தில் மகன் செத்துக் கிடக்கிறான்; தாய் குனிந்து அவன் காதில் கிசுகிசுத்து அழ வேண்டும். அழப்போகிறவள் ஹாஜியா டெலு. அறுபது வயது, அரைப்படி உடம்பு. இந்தியாவின் எத்தனையோ தாய்மாருக்கு அவள்தான் அழுதிருக்கிறாள். ஒரு நாளைக்கு இரண்டு முறை நிஜமாக அழுவாள். மூன்றாவது முறை கேட்டால், "என் கண்ணு என்ன குழாயா?" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

ஏசி நின்றது. கதவு மூடியது. யகானா சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். ஆரம்பத்திலேயே ஏதோ ஒரு மெல்லிய இரைச்சல் இருப்பதுபோல இருந்தது. பயத்தில் தோன்றுகிறது என்று நினைத்துக்கொண்டாள். டெலு குனிந்து, "எழுந்திருடா கண்ணு, சோறு ஆறுது" என்றாள். மூன்றாவது வரியில் பெட்டி உறுமியது. நான்காவது வரியில் இரைந்தது. கர்ஸாலி ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு ஏசியைப் போட்டார்.

"உன் மேல எனக்கு வருத்தம் இல்ல யகானா. வெயில் அப்படி. நான் லாகோஸ் போயிட்டு வரேன்."

யகானா எழுந்து போய்ப் பெட்டியின் பின்பக்கம் உள்ளங்கையை வைத்தாள். வந்த காற்று கொதித்தது. அதுமட்டுமா, மணத்தது. சந்தனம், கிராம்பு, மைதுகுரிப் பிசின். அவள் கடையில் போட்ட ஒரு சிட்டிகை இத்தனை நேரத்துக்கு இப்படி மணக்காது. மண்டியிட்டு மேஜைக்கு அடியில் பெட்டியின் முன்பக்கத்தை எட்டிப்பார்த்தாள். முன் விசிறிகளுக்கு ஒரு சாண் தள்ளி, இரும்புத் தூபக்காலில் குவித்து வைத்த கங்கு செக்கச்செவேல் என்று எரிந்துகொண்டிருந்தது. அந்த அனலைத்தான் பெட்டி காலையிலிருந்து மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தது.

"இதை யாரு இங்க வச்சது?"

"நான்தான்" என்றாள் டெலு, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நீ உன் கடையில போட்டியே, நான்தான் பாத்தேனே. புகை வாங்கினாப் பொறுமையா இருக்கும்னு நீதான சொன்ன? நீ கிள்ளிப் போட்ட, நான் அள்ளிப் போட்டேன். புது மருமக மாதிரி வந்திருக்கு, குறை வைக்கலாமா?"

யகானாவை வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே சிரிப்பும் வந்தது.

"ஹாஜியா, அது காத்து போற வழி பாக்குறதுக்கு. பக்குவமும் இல்ல, ரகசியமும் இல்ல. நான்தான் பீத்திக்கிட்டேன்."

"அப்ப இத்தனை நாளா ஊரையே ஏமாத்தினியா?"

"ஆமா."

"நல்லாத்தான் ஏமாத்தின" என்று டெலு மூக்கைச் சிந்தினாள். "போ, எடுத்து வெளியில வை. எனக்கு இன்னும் ஒரு அழுகை பாக்கி இருக்கு. மாலம், உக்காருங்க."

தூபக்கால் முற்றத்துக்குப் போனது. முக்காட்டு வலை பிசுபிசுத்துக் கறுத்திருந்தது; யகானா அதை உரித்தெடுத்தாள், ஒரு மணி நேரத்துக்குத் தூசி வந்தால் வரட்டும் என்று. கதவைத் திறந்துவைத்துப் புகையை விரட்டினார்கள். திரையின் மூலையில் சூட்டுக் கணக்கு இறங்கத் தொடங்கியது. தொண்ணூற்றொன்று. எண்பது. எழுபத்திரண்டு. அறுபத்து நான்கில் போய் நின்றபோது யகானா தன்னையறியாமல் டெலுவின் கையைப் பிடித்திருந்தாள். ஏசியை அணைத்தார்கள். கால் மணி நேரம் படத்தை ஓடவிட்டும் எண் அசையவில்லை.

கர்ஸாலிக்கு இன்னும் நம்பிக்கை இல்லை. மைக் கம்பத்துக்குப் பக்கத்தில் முழங்கையை ஊன்றி, தாடையைக் கையில் தாங்கி, ஹெட்ஃபோனை அழுத்திக்கொண்டு கேட்டார். டெலுவின் கண்கள் நிறைய ஆரம்பித்தன. கர்ஸாலியின் புருவம் நெரிந்தது.

"டிக் டிக்னு ஏதோ கேக்குது. உன் பெட்டிதான்."

"அதுல டிக்குன்னு சொல்ற சாமானே கிடையாது மாலம்."

"எனக்குக் கேக்குதே."

"சீக்கிரம் பாருங்க, கண்ணு காயப் போகுது" என்று டெலு உதடு அசையாமல் சொன்னாள்.

யகானா மைக்கைக் கம்பத்திலிருந்து கழற்றினாள். வயர் பின்னால் இழுபட, மண்டியிட்டுப் போய் அதைப் பெட்டிக்கு ஒரு முழத்தில் நீட்டினாள்.

"இப்ப கேக்குதா?"

கர்ஸாலி கண்ணை மூடிக் கேட்டார். "இப்ப இல்ல."

"வேற என்ன கேக்குது?"

"ஒண்ணுமே இல்லையே. நிறுத்திட்டியா என்ன?"

பெட்டியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திரையில் அந்தத் தாய் மகன்மேல் குனிந்துகொண்டிருந்தாள். யகானா மைக்கை மெதுவாக நகர்த்தினாள், சுவர்ப் பக்கம், டெலுவின் பக்கம், பிறகு கர்ஸாலியின் பக்கம்.

"வருது" என்றார் கர்ஸாலி, கண்ணைத் திறக்காமல். "வருது. இப்பதான் நல்லாக் கேக்குது. இதேதான் நான் சொன்ன..."

கண்ணைத் திறந்தார். மைக் அவருடைய இடது மணிக்கட்டுக்கு நேராக நின்றது. ஆறு வருஷமாக அதே அறையில், அதே கையில், அந்த வெள்ளிக் கைக்கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பழைய கம்ப்யூட்டரின் இரைச்சலுக்கு அடியில் அது யாருக்கும் கேட்டதில்லை.

யகானா மைக்கைக் கம்பத்தில் திரும்ப மாட்டிவிட்டு, கர்ஸாலியின் முன்னால் உள்ளங்கையை விரித்தாள். அவர் கடிகாரத்தைக் கழற்றி அதில் வைத்தார். அவள் அதை முக்காட்டு நுனியில் இரண்டு சுற்றுச் சுற்றி, சுவரோரம் போய் உட்கார்ந்து, தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, இனி அழலாம் என்று டெலுவைப் பார்த்துத் தலையசைத்தாள்.