மாப்பிள்ளையை யார் ஊதச் சொல்வது

கர்ப்பிணிகளைப் பார்க்கும் எங்கள் பிரிவில் எனக்கு எடை பார்த்து, ரத்த அழுத்தம் பார்க்கிற வேலை. பக்கத்து மேசை அக்காவுடையது. அவரிடம் கைக்குள் அடங்குகிற ஒரு கருவி உண்டு. அதில் ஊதினால், மூச்சில் புகை எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். பச்சை விளக்கு எரிந்தால் நல்லது. சிவப்பு என்றால் ஆள் சிகரெட் பிடிக்கிறவர். மஞ்சள் இரண்டுக்கும் நடுவில். மனைவி ஊதியதும் கணவரும் ஊத வேண்டும். அதனால் கணவர்கள் அக்காவுக்கு வைத்த பெயர் டிராஃபிக் அக்கா.

அப்பாவாகப் போகிறவர்கள் விடுகிற கதைகளைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. “நான் பிடிக்கறதில்லைங்க, பக்கத்து சீட்டுக்காரன் பிடிப்பான்” என்பார் ஒருவர். ஏலக்காயை மென்றுவிட்டு வந்தால் கருவி ஏமாந்துவிடும் என்று நம்புகிற புத்திசாலிகளும் உண்டு. நானாக இருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அக்கா கேட்க மாட்டார். எந்த விளக்கு எரிந்தாலும் முகத்தில் ஒன்றும் காட்டாமல், “கொஞ்சம் உள்ள வாங்க தம்பி” என்று திரைக்குப் பின்னால் அழைத்துப் போவார். மனைவி முன்னால் அவமானப்பட்டவன் வெளியே போனதும் முதலில் தேடுவது தீப்பெட்டியைத்தான் என்பது அவர் கணிப்பு.

திரைக்குப் பின்னாலும் உபதேசம் கிடையாது. தன் போன் நம்பரைக் கொடுப்பார்.

“பிடிக்கணும்னு தோணுச்சுன்னா எனக்குக் கூப்பிடுங்க. நான் எதையாவது பேசிட்டே இருக்கேன். கொஞ்ச நேரத்துல அது தானா போயிடும்.”

சொன்னபடியே பேசுவார். லாரி ஓட்டுகிறவர், முடிவெட்டுகிறவர், பள்ளிக்கூட வாத்தியார் என்று யார் யாரோ கூப்பிடுவார்கள். ஒழுகும் குழாயைப் பற்றியும், குழந்தைக்கு வாங்கப்போகும் தொட்டிலைப் பற்றியும், மாடிவீட்டுக்காரியின் சண்டையைப் பற்றியும் பேச்சு ஓடும். “ஒரு தடவ கூப்பிடறவன் என்னைச் சோதிச்சுப் பார்க்கறான். மறுபடியும் கூப்பிட்டான்னாதான் நிஜமாவே விடப் பார்க்கறான்” என்பார்.

இப்படி வாய் ஓயாதவருக்கு ஒரே ஒருவரிடம் மட்டும் பேச்சு வராது. அது அவருடைய மாப்பிள்ளை. லிஃப்ட் பழுதுபார்க்கிறவர், தங்கமான மனிதர், பயங்கரக் கூச்சக்காரர். “சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?” “ஆச்சு அத்தை.” கல்யாணமான நாளிலிருந்து இதைத் தாண்டி இருவரும் பேசியதில்லை. மகள் உண்டாகியிருந்தாள். மாப்பிள்ளையின் சட்டையில் என்ன வாடை அடிக்கிறது என்று அக்காவுக்குத் தெரியாதா? கேட்டால் மகளுக்கு வீட்டில் மனஸ்தாபம் வரும், கேட்காவிட்டால் குழந்தைக்குக் கேடு. மாதக்கணக்கில் மென்று விழுங்கிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மகளும் மாப்பிள்ளையும் எங்கள் பிரிவுக்கே வந்து வரிசையில் நின்றார்கள். அக்கா இருவரையும் விட்டுவிட்டு, கருவியைப் பின்னால் நின்ற பஸ் டிரைவரிடம் நீட்டினார். மகள் ‘அம்மா’ என்று கூப்பிட்டதைக் கேட்ட அவர் விடுவாரா?

“ஏங்க, சொந்தக்காரங்கன்னா ஊத வேணாமா?”

வரிசை சிரித்தது. மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். மகள்தான் சமாளிக்கிற மாதிரி, “குடும்மா, நான் ஊதறேன்” என்று வாங்கி ஊதினாள்.

மஞ்சள் எரிந்தது. அந்தப் பெண் சிகரெட்டைக் கையால்கூடத் தொட்டதில்லை.

அக்காவுக்குத் திரை மறந்துபோனது. “வீட்டுக்குள்ளயேவா பிடிக்கறீங்க மாப்பிள்ளை? வயித்துக்குள்ள ஒரு உயிர் இருக்கேன்னு தோணலையா உங்களுக்கு?”

அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வெளியே போய்விட்டார்.

“எவன் எவனையோ திரைக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போய் மரியாதையாப் பேசற. என் புருஷனை மட்டும் சந்தியில நிறுத்திட்டியேம்மா” என்றாள் மகள். அவளும் போய்விட்டாள்.

நான் ஆறுதல் சொல்லப் போனேன். “நீங்க கேட்டதுல என்னக்கா தப்பு? பெரிய மனுஷன், ரோஷம் வந்துடுச்சாக்கும்.”

“கேட்டது சரிதான். வேற யாரையாவது இப்படிக் கேட்டிருப்பேனா நான்?”

அதன்பிறகு மகள் போன் எடுக்கவில்லை. அக்கா எப்போதும்போல ஊதச் சொன்னார், நம்பர் கொடுத்தார். கூப்பிட்டவர்களிடம் பேசினார், ஆனால் பேச்சில் பழைய உப்பு இல்லை. எனக்கு அந்த மாப்பிள்ளைமேல் கோபம் கோபமாக வந்தது.

ஒரு காலையில், வரிசை இன்னும் சேராத நேரத்தில், போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் அக்கா எழுந்து நின்றுவிட்டார். அக்காவின் நம்பர் மாப்பிள்ளையிடம் கல்யாணத்திலிருந்தே இருந்தது. ஒருநாளும் அவர் கூப்பிட்டதில்லை.

“மாப்பிள்ளை? அவளுக்கு ஒண்ணுமில்லையே?”

“அவ நல்லா இருக்கா அத்தை.” காலியான அறையில் அவர் குரல் எனக்கும் கேட்டது. “நான்... சும்மாதான் கூப்பிட்டேன்.”

அக்கா என்னைப் பார்த்தார். ஊரெல்லாம் பேசுகிற வாய்க்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. கடைசியில், “சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?” என்றார்.

“ஆச்சு அத்தை.”

அவ்வளவுதான், இருந்த பேச்சு தீர்ந்துவிட்டது. ஆனால் இருவரும் வைக்கவில்லை. பின்னால் லிஃப்ட் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“எதையாவது பேசுங்க அத்தை” என்றார் மாப்பிள்ளை.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். மகள் சின்ன வயதில் ஒரு பக்கச் செருப்பை மட்டும் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன கதையைச் சொல்வது கேட்டது. அந்தப் பக்கம் சிரிப்பும் கேட்டது. திரும்பி வந்ததும் ஒன்றும் நடக்காததுபோல, “யாரு அடுத்தது, வரச் சொல்லு” என்றார்.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முதல் வாய் எடுக்கும்போது போன் மறுபடி அடித்தது. அக்கா பெயரைப் பார்த்துவிட்டு டப்பாவை மூடினார்.

“நீ சாப்பிடு. எனக்கு நேரமாகும்” என்றார்.