எண்பத்து மூன்றாம் பக்கம்

புத்தகத்தை வாங்குபவர் கையில் கொடுப்பதற்கு முன் எண்பத்து மூன்றாம் பக்கத்தைப் பிரிக்கிறான் தம்பி. ஸ்கேலை வைத்து ஏழாவது வரியை ஒரே கோடாக அடிக்கிறான். மேலே பொடி எழுத்தில் சரியான வரியை எழுதிப் பக்கத்திலேயே கையெழுத்தும் போடுகிறான். மை காயும்வரை ஊதிவிட்டுத்தான் கொடுக்கிறான்.

"என்ன சார், புதுப் புத்தகத்துலயே கிறுக்குறீங்க?"

"நான் பண்ணின தப்பு சார். தெரிஞ்சே எப்படிக் கொடுக்கிறது?"

அறிவியல் புனைகதை மாநாட்டுக் கூடத்தில் எழுத்தாளர்களுக்கு ஆளுக்கொரு மேசை. இடப்பக்கத்து எழுத்தாளர் விண்வெளி வீரர் உடையில் வியர்த்து வழிகிறார். வலப்பக்க மேசையில் ஒரு பொம்மை ரோபோ வருகிறவர்களுக்கெல்லாம் கைகொடுக்கிறது. தம்பி மட்டும் வேலைக்குப் போட்டுப்போகும் நீலச் சட்டையில் உட்கார்ந்திருக்கிறான், பையில் டெஸ்டருடன். பதினெட்டு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். காலையில் இந்தக் கட்டடத்து லிஃப்டில் ஏறியதுமே சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். "மூணாவது மாடிகிட்ட லேசா முக்குதுக்கா. ரோலர் தேஞ்சிருக்கு."

அவனருகே புத்தகங்களை விளிம்பு பிசகாமல் அடுக்கிக்கொண்டிருக்கும் அக்கா எட்டாம் வகுப்புவரை படித்தவள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைகளின் தையலைப் பரிசோதிக்கிறவள். நாவலைக் கையெழுத்துப் பிரதியிலேயே இரண்டு தடவை படித்துப் பதினோரு எழுத்துப்பிழைகளைப் பொறுக்கியெடுத்தாள். தரையிலிருந்து வானத்துக்குப் போகும் ஒரு லிஃப்டும் அதைப் பழுதுபார்ப்பவர்களும்தான் கதை. "ராக்கெட்ல போறவனைப் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க. கேபிளுக்கு எண்ணெய் போடுறவனைப் பத்தி யாருக்கா எழுதுவா?" என்பான்.

ஏழாவது வரி அக்காவின் கண்ணுக்கும் தப்பிவிட்டது. நானூறாவது கிலோமீட்டரில் கதாநாயகியின் டீக்கோப்பை காற்றில் மிதப்பதாக எழுதியிருந்தான். ஒரு இயற்பியல் டீச்சர் கடிதம் போட்டார்: கேபிளைப் பிடித்து ஏறும் கூண்டு பூமியைச் சுற்றிப் பறப்பதில்லை, அந்த உயரத்தில் எடை பத்தில் ஒரு பங்கு சொச்சம்தான் குறையும், கோப்பை மேசையிலேயேதான் இருக்கும். கடிதத்தை நின்றபடியே படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "ராக்கெட்காரன் இந்தத் தப்பைப் பண்ணலாம். லிஃப்ட்காரன் நான் பண்ணலாமாக்கா?"

அதே டீச்சர் இன்று முதல் ஆளாக வந்து தன் பிரதியையும் திருத்தி வாங்கிக்கொண்டு போனார். அதைப் பார்த்த பதிப்பாளருக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏங்க, கடையைத் தொறந்து வச்சுக்கிட்டு நம்ம சரக்கை நாமளே குறை சொல்லுவாங்களா? மேடையில உங்களுக்கு அஞ்சு நிமிஷம் வாங்கியிருக்கேன். அங்க போயி எண்பத்து மூணுன்னு வாயைத் தொறந்தீங்கன்னா, ரெண்டாவது நாவலுக்கு வேற ஆளைப் பாத்துக்கங்க."

இரண்டாவது நாவல் மூன்று வருட உழைப்பு. மொட்டைமாடி மெஷின் அறைகளில், சாப்பாட்டு இடைவேளைகளில், பழைய சர்வீஸ் படிவங்களின் பின்பக்கத்தில் எழுதியது. முதல் நாவலைக் கையில் வாங்கிப் பார்க்கவே ஒன்பது பதிப்பகங்கள் மறுத்தன என்பதும் அக்காவுக்குத் தெரியும்.

"அஞ்சே நிமிஷம்தானேடா. இந்த ஒரு தடவை வாயை மூடிக்கிட்டு வந்துடேன்."

"நீ தையல் விட்ட சட்டையைப் பாஸ் பண்ணுவியாக்கா?"

மடங்கியிருந்த அவன் காலரை அக்கா நீவிவிட்டாள்.

மேடையேறியவன் வணக்கம் சொன்ன கையோடு, "புத்தகம் வச்சிருக்கிறவங்க எண்பத்து மூணாம் பக்கத்தை எடுங்க. அதுல ஒரு பொய் இருக்கு" என்றான். கூடம் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோச்சுன்னா நீங்க மிதக்கவா செய்றீங்க? நானூறு கிலோமீட்டர்ல நின்னாலும் அப்படித்தான். தரையில நின்னுக்கிட்டு என்னைத்தான் திட்டுவீங்க."

இப்போது விண்வெளி உடைக்காரரே தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் கேட்க ஆரம்பித்தார். பின்வரிசையில் பேச்சு நின்றது. முன்வரிசையில் பதிப்பாளர் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி இருந்தார். அக்கா அவர் பக்கம் திரும்பவேயில்லை. இருநூறு பேர் தன் தம்பியின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பதை ஒரு முகம் விடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

"இதைக் கண்டுபிடிச்சது நானில்ல. அந்த டீச்சர் அதோ மூணாவது வரிசையில இருக்காங்க. மேல வாங்க டீச்சர். ஏன் மிதக்காதுங்கிறதை நீங்க சொன்னாத்தான் முழுசாப் புரியும்."

டீச்சர் கூச்சத்துடன் படியேறினார். குள்ளமான பெண்மணி, மைக் அவர் நெற்றிக்கு மேலே நின்றது. தம்பி குனிந்து ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தி, மைக்கை அவர் வாய் உயரத்துக்கு இறக்கி, மறுபடி முடுக்கினான். நழுவுகிறதா என்று இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, மேடையிலிருந்து இறங்கிவிட்டான்.