துடைத்தெடுத்த கட்டங்கள்

போன மாதம் தபாலில் வந்த அழைப்பிதழுக்குத் தங்க நிற ஓரம். நடுவில் ஒரு பென்சில் படம்: வெள்ளவத்தை ரயில் நிலையம், அதன் தகரக் கூரை, பின்னால் கடல், தூரத்தில் ஒரு கப்பல். கீழே 'அமரர் வரைந்த அரிய ஓவியம்' என்று அச்சிட்டிருந்தார்கள். நான் படித்த கலைக் கல்லூரி, அங்கே சித்திரம் படிப்பித்து மறைந்த எங்கள் சேருக்கு எடுக்கும் நினைவு விழா. நிகழ்ச்சி நிரலின் நான்காவது வரியில் 'மாணவர் உரை' என்று என் பெயர். படத்தை இன்னொரு முறை பார்த்தேன். அது சேர் வரைந்த படமல்ல, நான் வரைந்தது. அதன் மேல் நான் போட்டிருந்த கட்டங்களையும், கட்டங்களுக்குள் எழுதியிருந்த இலக்கங்களையும் யாரோ கணினியில் துடைத்து எடுத்திருந்தார்கள். அந்தக் கட்டங்களுக்காகத்தான் சேரை ஒன்பது நாள் பொலிசில் வைத்திருந்தார்கள்.

சேர் எந்தக் கலைப்பள்ளியிலும் படித்தவரல்ல. பதினாறு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, மருதானையில் சினிமா பனர் எழுதியவர். பிறகு துறைமுகத்தில், கயிற்றில் தொங்கும் பலகையில் இருந்து கப்பல்களின் பக்கத்தில் பெயர் எழுதினார். கொட்டாஞ்சேனையில் ஒரு ஸ்டூடியோவில் கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படங்களுக்குக் கன்னச் சிவப்புப் பூசினார். ஒரு பல் வைத்தியரிடம் கொஞ்சக் காலம், பொய்ப்பற்களுக்கு ஆளின் வயதுக்கேற்ற மஞ்சள் கலந்து கொடுத்தார். "முழு வெள்ளை செத்த வெள்ளையடா. உயிருள்ள பல்லில கொஞ்சம் ஊத்தை இருக்கும்" என்பார். வெள்ளை நிறத்தைப் பற்றி அவர் எங்களுக்கு எடுத்த முழுப் பாடமும் அதுதான். அதற்குப் பிறகு நான் ஒரு சுவரையோ சேலையையோ வெறும் வெள்ளையாகக் கண்டதில்லை. பட்டம் பெற்ற மற்ற விரிவுரையாளர்கள் அவருக்குப் பின்னால் 'பெயின்ட் பாஸ்' என்று சிரிப்பார்கள். அது அவருக்கும் தெரியும். "பாஸ் எண்டா வேலை தெரிஞ்சவன். அவையளை ஆரும் அப்பிடிக் கூப்பிடப் போறேல்லை" என்றார் ஒருநாள், தூரிகையைத் துடைத்துக்கொண்டே.

பனர்காரர்களின் வழக்கமொன்றை அவர் கல்லூரிக்குள் கொண்டுவந்திருந்தார். சிறிய படத்தின் மேல் அடிமட்டம் வைத்துக் கட்டம் போட்டு, கட்டங்களுக்கு இலக்கமிட்டு, அதே கட்டங்களைப் பெரிய துணியிலோ சுவரிலோ போட்டு, ஒவ்வொன்றாக நிரப்புவது. "கப்பலில தொங்கேக்க ஒரு எழுத்தின்ர வயிறு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். முழுப் பேர் தெரியாது. கட்டத்தை நம்பு" என்பார். கோடுகளை அழிக்க விடமாட்டார். "ஏன் அழிக்கிறாய்? பெயின்ட் வந்தா அது தானா மறையும். அதுவரைக்கும் நீ எப்பிடி வந்தனி எண்டு தெரியட்டும்."

'எப்பிடி வந்தனி' என்ற அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. நான் ஜிந்துப்பிட்டியில் ஓர் ஒற்றை அறை வீட்டுப் பிள்ளை. அப்பா புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமி. கல்லூரி அனுமதிப் படிவத்தில் அவர் பெருவிரலை மை தடவி வைத்தார். அதற்குப் பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா அந்தப் படிவத்தை வெளிச்சத்தில் பிடித்து, "கோழி கிளறுன மாதிரி இல்லாம அழகாத்தான் இருக்கு" என்றார்.

இறுதி வருடத்தில், கல்லூரிச் சுவருக்கு ஒரு பெரிய ஓவியம் செய்யும் வேலை எனக்கு வந்தது. ரயில் நிலையத்தைத் தேர்ந்தெடுத்தேன். நிலைய மேடையில் உட்கார்ந்து ஒரு பகல் முழுக்க வரைந்து, சேர் சொல்லித்தந்தபடி அங்கேயே கட்டம் போட்டு, ஒன்று முதல் பன்னிரண்டு வரை இலக்கமிட்டு, தாளைச் சுருட்டிக்கொண்டு காலி வீதிக்கு ஏறினேன். யுத்த காலத்தில் ரயில் நிலையத்தையும் கடலையும் கப்பலையும் கட்டம் கட்டமாகப் பிரித்து இலக்கம் போட்ட தாளை, ஒரு தமிழ்ப் பெடியன் சோதனைச் சாவடி வழியாகக் கொண்டுபோவதென்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு அது படம். தாளை விரித்த பொலிஸ்காரனுக்கு அது தாக்குதலுக்கான வரைபடம்.

என்னோடு வந்த நண்பன் ஓடிப்போய்ச் சொல்ல, ஒரு மணித்தியாலத்துக்குள் சேர் பொலிஸ் நிலையத்துக்கு வந்துவிட்டார். கையில் பெயின்ட் காயவில்லை. என்னைப் பார்த்து, "நீ வாயைத் திறவாதை" என்றார். பிறகு மருதானைச் சிங்களத்தில் பேச ஆரம்பித்தார். மேசையில் கிடந்த பத்திரிகையின் சினிமா விளம்பரத்தில் கட்டம் போட்டு, கதாநாயகியின் மூக்கு எந்தக் கட்டத்தில், காது எந்தக் கட்டத்தில் என்று காட்டினார். இன்ஸ்பெக்டர்கூடச் சிரித்தார். ஆனால் சம்பவம் அதற்குள் பொலிஸ் பதிவுப் புத்தகத்தில் ஏறிவிட்டது. யாருடையது என்று ஒரு பெயர் எழுதியாக வேண்டும். "மே காகெத?" என்று கேட்டார்கள். இது யாருடையது?

"மகே" என்றார் சேர். என்னுடையது.

நான் வாயைத் திறக்கவில்லை. அவர் சொன்னபடி இருந்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவர் உள்ளே இருந்த ஐந்தாம் நாள், அதிபர் என்னைக் கூப்பிட்டார். நிர்வாகக் குழுவிலிருந்து இரண்டு பேரும் இருந்தார்கள். கடையிலிருந்து வந்த கட்லட் தட்டொன்று நடுவில். கல்லூரியை மூடிவிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு. பயந்ததை நான் குறைசொல்லவில்லை, எல்லோரும்தான் பயந்தோம். ஆனால் அவர்கள் சாப்பிட்டுக்கொண்டே பயந்தார்கள். அதிபர் ஒரு கட்லட்டைப் பிய்த்தபடி, பொலிசுக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தை வசனம் வசனமாகச் சொன்னார்: படம் விரிவுரையாளருடையது, கட்டம் போடுவது பாடத்திட்டத்தில் இல்லை, மாணவனாகிய நான் அவர் பணித்தபடி அதைச் சுமந்து சென்றேன். நான் எழுதினேன். "உமக்கு இன்னும் ஒரு பரீட்சைதானே மிச்சம், தம்பி. பெரிய இடங்களுக்குப் போக வேண்டிய பிள்ளை" என்றார் குழுவில் ஒருவர், பல்லிடுக்கைத் துழாவிக்கொண்டு. அதிபர் தாளை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தபோது, ஓரத்தில் அவருடைய எண்ணெய் விரல் பதிந்திருந்தது. அந்தக் கறைக்குப் பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அப்பா மெச்சிய அதே கையெழுத்து.

சேர் வெளியே வந்த அன்றே வேலைநீக்கக் கடிதமும் வந்தது. பொலிஸ் திருப்பிக் கொடுத்த படம் கல்லூரி அலுமாரிக்குள் போனது. எனக்குச் சான்றிதழ் கிடைத்தது. பிறகு கொள்ளுப்பிட்டியில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலையும் கிடைத்தது.

அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை அவரைக் கண்டேன். கொட்டாஞ்சேனையில் ஒரு வாகனத் திருத்தகத்தின் வாசலில், முக்காலியில் இருந்து லொறி நம்பர் பிளேட் எழுதிக்கொண்டிருந்தார். ஒதுங்கிப் போயிருப்பேன், அவர் கண்டுவிட்டார். பிளேன்டீ எடுப்பித்தார்.

"இப்ப என்ன, கொம்பியூட்டரிலயோ கீறுறாய்?"

"ஓம் சேர்."

"அதுக்குள்ளயும் கட்டம்தானாமே. எங்களைக் கேக்காமலே கொப்பியடிச்சுப் போட்டாங்கள்."

சிரித்தேன். தேநீரைக் குடித்து முடித்தேன். எழும்பும்போது அவர் பிளேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "உன்ர கடிதத்தை எனக்கும் காட்டினவங்கள். கையெழுத்து நல்ல வடிவா வந்திருக்கு" என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விழாவுக்கு முதல்நாள் மாலை அழைப்பிதழை மேசையில் வைத்து, அடிமட்டத்தால் அந்தப் படத்தின் மேல் பன்னிரண்டு கட்டங்கள் போட்டேன். இலக்கங்களையும் எழுதினேன். மறுநாள் போனபோது, காலி வீதிச் சோதனைச் சாவடி இன்னும் அதே இடத்தில்தான் இருந்தது. அங்கே நின்ற பொலிஸ்காரப் பெடியன் தங்க ஓரத்தைப் பார்த்ததும், பிரித்துக்கூடப் பார்க்காமல் போகச் சொன்னான்.

மண்டபத்தில் அந்தப் படத்தை மேடையளவுக்குப் பெருப்பித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். மெஷின் பெருப்பித்தது. 'எங்கள் கல்லூரியின் சொத்து' என்றார் ஒருவர். 'ஒரு தொழிலாளியாய்த் தொடங்கிய கலைத்தவம்' என்றார் இன்னொருவர், முன்பு 'பெயின்ட் பாஸ்' என்று சிரித்தவர்களில் ஒருவர். மாலை போட்ட சேரின் படத்துக்குக் கீழே சிற்றுண்டித் தட்டுகள் அடுக்கியிருந்தன. அதிபர், இப்போது முன்னாள் அதிபர், ஏதோ தின்றபடி என் கையிலிருந்த அழைப்பிதழை வாங்கிப் பார்த்தார்.

"என்ன தம்பி, இவ்வளவு வடிவான படத்தைக் கோடு கீறிப் பழுதாக்கி வச்சிருக்கிறீர்?"

"முந்தியும் இப்பிடித்தான் இருந்துது, சேர். உங்களுக்கு ஞாபகம் இருக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். "அதெல்லாம் இப்ப கதைக்கிற விசயமில்லை. ரெண்டு நிமிசம் நல்லதாச் சொல்லிப்போட்டு இறங்கும்" என்று அழைப்பிதழைத் திருப்பித் தந்தார். ஏழாம் கட்டத்தில், கடலின் நடுவில், எண்ணெய் விரல் ஒன்று பதிந்திருந்தது.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக்குக்கு முன்னால் நின்று, எழுதிக் கொண்டுபோன தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். எனக்குப் பின்னால் அந்தப் பெரிய படம், ஒரு கோடும் இல்லாமல், செத்த பல்லைப் போல வெள்ளையாக இருந்தது. அழைப்பிதழைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேர் பொலிசில் சொன்ன அதே ஒரு சொல்லோடு தொடங்கினேன்.

"என்னுடையது" என்றேன்.